கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது?

கேள்வி:

நான் பெரம்பூரில் இருக்கிறேன். முப்பத்தொரு வருடம் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் தவறிய பிறகு, துணி உலர்த்தவும் எடுக்கவும் என்று காலையும் மாலையும் மொட்டை மாடிக்குப் போகிறேன். போன இடத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகன் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். அதில் ஒருநாள் சாயங்கால மேகத்தை எடுத்தேன். அன்றைக்குப் பிடித்த பழக்கம், விட முடியவில்லை. இப்போது நாலாயிரம் படத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது.

என் குறை இதுதான். கண்ணால் பார்க்கிற வானம் படத்தில் வருவதில்லை. மேகம் வெளுத்துப்போய் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. அந்திச் சிவப்பு பாதிதான் வருகிறது. மின்னலை ஒரு தடவையாவது பிடித்துவிட வேண்டும் என்று ஆசை, முடியவில்லை. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? பென்ஷன் பணம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பேரன், "தினமும் அதே வானத்தை எதுக்குப் பாட்டி எடுக்கறீங்க, போன் நிரம்பிடுச்சு" என்கிறான். அவன் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. இந்தப் படங்களால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது படத்தில் துணிக்கொடியும் தண்ணீர் டேங்கும் குறுக்கே வந்துவிட்டன. மன்னிக்கவும். அது ஆகஸ்ட் இரண்டாம் வாரம், மாலை நாலு இருபதுக்கு வடக்குப் பக்கம் பார்த்து எடுத்தது. அரை மணி நேரத்தில் மழை வந்து, இருபது நிமிடம் கொட்டிவிட்டு நின்றுவிட்டது.

- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்:

நான்கு படங்களையும் பெரிய திரையில் போட்டு வெகுநேரம் பார்த்தேன். நீங்கள் மன்னிப்புக் கேட்ட அந்த மூன்றாவது படம்தான் நான்கிலும் சிறந்தது. மற்ற மூன்றும் அழகானவை, ஆனால் அவற்றை எந்த ஊர் மாடியிலிருந்தும் எடுத்திருக்கலாம். மூன்றாவது படத்தை உங்கள் மாடியில் மட்டும்தான் எடுக்க முடியும்.

அந்தப் படத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள். வடக்கு பார்த்து எடுத்ததால் உங்கள் வலது கைப் பக்கம் கிழக்கு, அதாவது கடல். இடது கைப் பக்கம் மேற்கு. கொடியில் ஒரு வேட்டியும் இரண்டு துண்டும் காய்கின்றன. மூன்றும் இடது பக்கமாக விசிறிப் பறக்கின்றன. அப்படியென்றால் அந்த நேரத்தில் தரையை ஒட்டி வீசியது கடல்காற்று, கிழக்கிலிருந்து மேற்கே. கொடிக்குப் பின்னால் தூரத்தில், செங்குன்றம் பக்கமாக, ஒரு மேகம் காலிஃபிளவர் போல முண்டு முண்டாக எழுந்து நிற்கிறது. இடி மின்னலைச் சுமந்து வருகிற கார்திரள் மேகம் அது. பாடப்புத்தகத்தில் நீங்களே நடத்தியிருப்பீர்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் சென்னைக்கு வருகிற இந்த மாலை மழை மேகங்கள், நடு உயரத்தில் வீசும் மேலைக்காற்று தள்ளித்தள்ளி, பெரும்பாலும் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி நகரும். உங்கள் படத்தில் இடமிருந்து வலம். கீழே துணி பறக்கிற திசைக்கு நேர் எதிர்.

இன்னும் மேலே பாருங்கள். மேகத்தின் உச்சி தட்டையாகி, அதிலிருந்து பஞ்சைப் பிய்த்து இழுத்த மாதிரி வெள்ளைக் கீற்று இடது பக்கமாக நீண்டு போகிறது. அந்த உயரத்தில் மறுபடியும் கீழைக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின் தலைக்கு மேல் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு வேகமாக ஓடுகிறது. 1958-ல் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி உலகத்துக்குச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அவருக்கு அதைக் காட்டிக் கொடுத்தவை உயரே பறக்கவிட்ட பலூன்களின் அளவுகள். உங்களுக்கு ஒரு வேட்டியும் ஒரு மேகமும் காட்டுகின்றன. மூன்று உயரம், மூன்று காற்று, ஒரே படம். கொடியை வெட்டிவிட்டு எடுத்திருந்தால் முதல் காற்று காணாமல் போயிருக்கும்.

நடுவிலிருக்கும் காற்றை மட்டும் உங்கள் படத்திலிருந்து என்னால் நேராகச் சொல்ல முடியாது. மழை மாதத்தை வைத்து ஊகித்ததுதான். மேகம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை ஒற்றைப் படம் காட்டாது. அதே இடத்தில் நின்று, அதே சட்டத்தில், ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று எடுத்திருந்தால் காட்டியிருக்கும். டேங்கின் விளிம்பை அடையாளமாக வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், மேகம் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது, எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும். உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் என்னிடம் இருக்கிற முக்கியமான பதில் இது. நின்ற இடத்திலேயே நில்லுங்கள், ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள். பேரன் குறையாகச் சொல்கிற "அதே வானம்"தான் உங்களிடம் இருக்கிற செல்வம்.

பிரயோஜனம் உண்டா என்று கேட்டீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2015-ல் நான் சைதாப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருந்தேன். நவம்பர் மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டபோது, தினமும் காலையில் ஜன்னலில் ஒரே இடத்தில் கைபேசியை ஊன்றித் தெருவை ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்கு ஐந்து படிகள். முதல் வாரங்களில் தண்ணீர் முதல் படியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி காலை எடுத்த படத்தில் ஒரு படிதான் வெளியே தெரிகிறது. அழகு என்று சொல்ல அந்தப் படங்களில் எதுவுமே இல்லை. அடுத்த வருடம் அந்த வீட்டுக்காரர் வாசலை எவ்வளவு உயர்த்திக் கட்டுவது என்று கொத்தனாரோடு வாதாடிக்கொண்டிருந்தபோது, அந்தப் படங்களை எடுத்துக் காட்டினேன். இருவரும் வாதத்தை நிறுத்திவிட்டுப் படிகளை எண்ண ஆரம்பித்தார்கள்.

ஆர்வலர்களின் பார்வை பெரிய அளவிலும் இப்படிப் பயன்பட்டிருக்கிறது. மேகங்களுக்கு இன்று உலகம் வழங்கும் கீற்று, திரள், படை என்ற அடிப்படைப் பிரிவை 1802-ல் வகுத்துச் சொன்ன லூக் ஹோவர்ட், லண்டனில் மருந்து தயாரித்து விற்றுவந்தவர். வானத்தைப் பார்ப்பது அவருக்கும் தொழில் கிடையாது, பிரியம். 2006-ல் அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் நகரத்தில், கலங்கிய கடலைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற ஒரு மேகத்தை ஒருவர் படம் எடுத்தார். அதைப் போன்ற படங்கள் பல நாடுகளிலிருந்தும் ஆர்வலர்களிடமிருந்து வந்து சேர்ந்தன. 2017-ல் உலக வானிலை அமைப்பு, தன் சர்வதேச மேக அட்லஸில் ஆஸ்பெரிட்டாஸ் என்ற பெயரில் அந்த வடிவத்தைச் சேர்த்துக்கொண்டது. 1896 முதல் வெளிவருகிற அட்லஸ் அது. மாடியில் நின்றவர்கள் கொடுத்த படங்கள் அதில் ஒரு பக்கத்தை எழுதவைத்தன.

இனி, வெளுத்துப்போகும் மேகத்துக்கு வருவோம். இதற்கு உங்கள் கை ஒரு காரணம், கைபேசி இன்னொரு காரணம். கை என்று சொன்னது, லென்ஸில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் வியர்வையையும். சென்னையின் புழுக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை விரல் அங்கே படும். பழைய மல்லு வேட்டித் துண்டால் லென்ஸை மெதுவாகத் துடைத்துவிட்டு எடுங்கள். படத்தின் மேல் போர்த்தியிருக்கும் பால் போன்ற மங்கலில் பாதி போய்விடும். ஏ.சி. அறையிலிருந்து நேராக மாடிக்குப் போனால் லென்ஸில் ஆவி படியும். ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைபேசி செய்வது வேறு. வானம் மிகவும் பிரகாசம், வீடுகள் இருட்டு. நம் கண் இரண்டையும் சமாளிக்கும். கேமரா இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்குப் போட்டு, வீடுகளைத் தெரியவைக்க வெளிச்சத்தைக் கூட்டும். அதில் மேகம் வெந்து வெளுத்துவிடும். அதனால் மேகத்தின் மிகப் பளிச்சென்ற இடத்தின் மேல் விரலை வைத்து இரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் பூட்டு விழுந்த அடையாளம் வரும், பக்கத்தில் குட்டிச் சூரியன் தெரியும். அந்தச் சூரியனைக் கீழ்நோக்கி இழுங்கள். வெள்ளைக்குள் மடிப்பும் குழிவும் தெரியத் தொடங்குகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். கீழே வீடுகள் கறுத்துப்போகும். போகட்டும். டேங்குகள், செல்போன் டவர், தென்னை மட்டை, தூரத்துக் கோபுரம் எல்லாம் கறுப்புக் கோட்டுருவமாக நின்றால்தான் வானத்துக்கு ஒரு அடி கிடைக்கும். மேகம் எவ்வளவு பெரியது என்பதும் அப்போதுதான் தெரியும். வானத்தை மட்டும் எடுத்தால் அளவு தெரியாது. அது மலையாகவும் இருக்கலாம், பஞ்சு மூட்டையாகவும் இருக்கலாம்.

அந்திச் சிவப்பு குறைவதற்கும் கைபேசியின் திருத்தும் புத்திதான் காரணம். மஞ்சள் விளக்கடியில் எடுத்த முகத்தை வெள்ளையாக்கிக் காட்டுகிற அதே ஏற்பாடு, மாலைச் சிவப்பையும் ஏதோ பிழை என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கலந்துவிடும். 'புரோ' என்ற பகுதி உங்கள் போனில் இருந்தால், அதில் நிறச் சமநிலையைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டுப் பகல் வெளிச்சம் என்பதில் வைத்துவிடுங்கள். பிறகு கண் பார்த்ததற்கு நெருக்கமாக வரும். சூரியன் தொடுவானத்தைத் தொடும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப் போல முப்பது மடங்குக்கு மேலான காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போக, சிவப்பு மிஞ்சுகிறது. புழுதியும் புகையும் அதிகமான நாளில் அந்தச் சிவப்பும் அழுக்கேறி மங்கும். மழை பெய்து காற்றைக் கழுவிவிட்ட மறுநாள் மாலை மாடிக்கு ஏறினால் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு விஷயம். சூரியன் மறைந்ததும் கீழே இறங்கிவிடாதீர்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது, அந்தி சீக்கிரம் ஓடிவிடும். சூரியன் மறைந்ததிலிருந்து இருபது நிமிடம் சொச்சம்தான் நமக்குக் கிடைக்கிறது. அதில் பத்தாவது நிமிடம் தாண்டியதும் வானம் ஆழ்ந்த நீலமாகும், வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கியிருக்கும், இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறையச் சமமாகும். நகரத்தை எடுக்க அதைவிட நல்ல நேரம் ஒரு நாளில் வேறு இல்லை. போனைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். கையில் பிடித்தால் ஆடிவிடும்.

கேமரா வாங்க வேண்டாம். பென்ஷன் பணம் இருக்கட்டும். கேமராவால் தூரத்து மேகத்தைக் கிட்டத்தில் இழுக்க முடியும், இரவில் கொஞ்சம் சுத்தமாக எடுக்கலாம், அவ்வளவுதான். கீழே வைத்துவிட்டுப் போகும் கனமான பொருளைவிட, துணி எடுக்கப் போகும்போது இடுப்பில் இருக்கிற போன் உங்களுக்கு அதிகம் உதவும்.

மின்னலைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். இடிச் சத்தம் காதில் விழுகிற நேரத்தில் மாடியில் நிற்காதீர்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், மின்னலை எடுக்கிறேன் என்று இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றவன் நான். இரண்டு வீடு தள்ளி ஒரு தென்னையில் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. அந்த மரத்தின் குருத்து எரிந்துகொண்டிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மேலே வராதீர்கள். துணி நனைந்தால் நனையட்டும்.

இப்படி எண்ணுவதற்கு நம் ஊரில் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டி முடித்த வானாய்வுக் கூடத்தில் ஜான் கோல்டிங்காம் என்பவர் பொறுப்பில் இருந்தார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கும்போது அதன் பளிச்சைக் கண்ணால் கண்டு, சத்தம் வந்து சேரும்வரை நொடிகளைக் கணக்கிட்டு, ஒலியின் வேகத்தை அளந்தார். அன்றைய வெப்பம், ஈரம், காற்றடிக்கும் திசை எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். 1823-ல் அது லண்டனில் அச்சானது. அந்தக் கூடத்தில் 1796-லிருந்தே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டுவந்தன. தொடர்ந்து எழுதியதால்தான் அவை இன்றைக்கும் பேசுகின்றன.

மின்னல் படத்துக்கு ஆபத்தில்லாத ஒரு வாய்ப்பைச் சென்னை தருகிறது. மேற்கிலிருந்து வருகிற மாலை மழை ஊரைக் கடந்து கடலுக்குள் போன பிறகும் வெகுநேரம் மின்னிக்கொண்டிருக்கும். இடி அடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும், கிழக்கே மேகம் மட்டும் உள்ளுக்குள் விளக்கேற்றி அணைக்கிற மாதிரி மினுக்கும். கிழக்கு பார்த்த ஜன்னல் இருந்தால் அறைக்குள்ளிருந்தே எடுக்கலாம். ஒரு துணிப்பையில் அரிசியை நிரப்பி, அதில் போனைச் சாய்த்து நிறுத்துங்கள், அசையாது. 'புரோ' பகுதியில் ஐ.எஸ்.ஓ. நூறு, ஷட்டர் எட்டு நொடி, குவியம் மலைச் சின்னத்தில். விரல் பட்டு ஆடாமலிருக்க இரண்டு நொடி டைமர். அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே இருங்கள். முப்பதில் ஒன்று விழும். இதெல்லாம் தொல்லை என்றால் வீடியோவை ஓடவிட்டு, மின்னிய நொடியை நிறுத்தி அந்த ஒரு காட்சியைச் சேமித்துக்கொள்ளலாம். தரம் குறையும், ஆனால் மின்னல் கிடைத்துவிடும்.

ஒரே இடத்தில் நிற்பவருக்கு வருடம் முழுவதும் வேலை இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தலைக்கு மேல் சிறு சிறு திரள் மேகங்கள் இருக்கும். கடல்காற்று உள்ளே நுழைந்ததும் அவை கரைந்து போகும், மேற்கே ஒரு வரிசையாக மேகச் சுவர் எழும். கடல்காற்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் காட்டுகிற கோடு அது. அன்று கொடியில் துணி திரும்பிய நேரத்தையும் எழுதிவையுங்கள். மேலைக்காற்று பலமாக இருந்து கடல்காற்று வரத் தாமதமாகும் நாளில்தான் சென்னை கொதிக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. வடகிழக்குப் பருவம் வந்துவிட்டால் கதையே மாறும். மேகங்கள் தாழ்வாக, வேகமாக, கடலிலிருந்து அணியணியாக வரும். பத்து நிமிடம் பெய்யும், வெயில் அடிக்கும், அடுத்த அணி வரும். மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் பிடிப்பதால், அந்த மாதங்களில் நீங்கள் மாலையைவிடக் காலையில் மாடிக்குப் போவது நல்லது. மேற்கே வானவில் நிற்பதையும் அப்போதுதான் பார்க்கலாம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று தேடுங்கள். சூரியன் வெகுவாக மேலே ஏறிவிட்டால் வில் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும்.

ஜூன் 21-ஆம் தேதி விடியலில் சூரியன் எந்த வீட்டுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று ஒரு படம். டிசம்பர் 21-ல் அதே இடத்திலிருந்து இன்னொன்று. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பார்த்தால் ஒரு முஷ்டி ஏறக்குறையப் பத்து டிகிரி. இரண்டு உதயத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஐந்து முஷ்டி தூரம் இருக்கும். உத்தராயணம், தட்சிணாயனம் என்று நாம் சொல்லிவருவது உங்கள் கைப்பிடிச் சுவரின் மேல் அளந்து தெரியும். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், பகல் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் சென்னையின் உச்சந்தலைக்கு நேரே வரும். ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் கவிழ்த்து வையுங்கள், நிழலே விழாது. பேரனைக் கூட்டிப்போய் அந்தப் படத்தை அவனையே எடுக்கச் சொல்லுங்கள்.

நகரத்தையும் விட்டுவிடாதீர்கள். அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறக்கப்பட்டபோது இந்தியாவின் அடுக்குமாடிக் கட்டடங்களிலேயே அதுதான் உயரம், 177 அடி. அன்றைக்கு அது தனித்து நின்ற வானத்தில் இன்றைக்கு எத்தனை கட்டடங்கள். இது ஒரே நாளில் நடக்கவில்லை. உங்கள் நாலாயிரம் படங்களைத் தேதிவாரியாகப் புரட்டினால், எங்கோ ஒரு மனையில் தூண் எழுந்து, சுவர் எழுந்து, முன்பு தெரிந்த ஒரு வேப்பமரம் மறைந்திருக்கும். எடுக்கும்போது நீங்களே அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

மழையை எடுப்பதைவிட, மழை வருகிற நேரத்தில் தெருவை எடுப்பது எனக்குப் பிடிக்கும். எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிற பெரியவர் இருக்கிறார். முதல் துளி விழுமுன்னே அவருக்குத் தெரிந்துவிடும். மடித்த துணிகளின் மேல் நீலத் தார்ப்பாயை ஒரே வீச்சில் விரிப்பார். பிறகு தனக்கு எதையும் போர்த்திக்கொள்ளாமல், இஸ்திரிப் பெட்டியை மட்டும் தூக்கி வண்டிக்கு அடியில் வைப்பார். கரி அணையக் கூடாது. அவரிடம் கேட்டுக்கொண்டு எடுத்த ஒரு படத்தில், பெட்டியின் ஓட்டைகளில் கங்கு சிவப்பாகத் தெரிகிறது, அவர் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருக்கிறது. மழையின் ஒரு கோடுகூட அதில் விழவில்லை, ஆனால் பார்த்தவர்கள் எல்லோருமே மழைப் படம் என்றுதான் சொன்னார்கள். மழைக்கோடுகளே வேண்டும் என்றால், பின்னாலிருந்து தெருவிளக்கு அடிக்க, எதிரே இருண்ட சுவரோ மரமோ இருக்கும்படி நில்லுங்கள். முகம் தெரிகிற படத்துக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மாடியில் ஆள் இருந்தால் போனைத் தாழ்த்திவிடுங்கள். வெள்ளத்தில் சாமான்களைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறவரை எடுக்கவே எடுக்காதீர்கள். அவருக்கு அப்போது வேண்டியது ஒரு கை.

நாலாயிரம் படங்களையும் காப்பாற்றும் வழி ஒன்றுதான். மகனிடம் சொல்லி ஒரு ஹார்டு டிஸ்கில் மாதவாரியாகப் போட்டுவைக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் நேரமும் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஒவ்வொரு புயலுக்கும் பழைய வருடத்துப் படங்கள் புதிது போலச் சுற்றி வந்து மக்களைக் கலங்கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேதி தொலைந்த படம் அப்படித்தான் பொய்யாகிறது. அதற்காகத்தான் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தேதி, மணி, திசை, துணி பறக்கும் பக்கம் என்று ஒரு வரி போதும். நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை மாடியில் திறந்தவெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு அதில் நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்து, அந்த மில்லிமீட்டரையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். வானிலை மையத்தின் மழை நாளும் காலை எட்டரைக்குத்தான் தொடங்கி முடிகிறது. அதனால் செய்தியில் வருகிற நுங்கம்பாக்கத்து மழையோடு பெரம்பூர் மழையை ஒப்பிட முடியும். இரண்டும் பல நாள் ஒத்துப்போகாது. ஒரு பேட்டையில் கொட்டி அடுத்த பேட்டையில் தூறாத மழை நம்முடையது.

அடுத்த முறை மேகம் திரண்டால் எனக்கு இரண்டு படமாக அனுப்புங்கள். வடக்கு பார்த்தே இருக்கட்டும், நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள், டேங்க் சட்டத்துக்குள் இருக்கட்டும். முடிந்தால், கொடியில் அந்த வேட்டி காய்கிற நாளாகப் பார்த்து எடுங்கள். துண்டைவிட அது காற்றுக்கு நன்றாகத் திரும்புகிறது.